விசாரிச்சனான் என்ற ஒரு சொல்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார், தங்கைமாருக்கு,

சத்தியம் எடுப்பது எப்படி, யாருக்குப் பக்கத்தில் உட்காருவது, எப்போது குறிப்பு எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதையே நானும் திரும்பச் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். தொண்ணூறுகளின் பின்பகுதியில் ஒரு நாள் காலை நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று இரண்டு தடவை வாயைத் திறப்பதா, மூடுவதா என்று தெரியாமல் தவித்தேன். வேலையை விட்டு இத்தனை காலத்துக்குப் பிறகும், நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தாலே மூச்சு இலேசாக வருகிறது.

ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் மாற்றியிருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்றாலும் மொழிபெயர்ப்பாளரின் வாய்க்கு ஓய்வு இல்லை.

அப்போது நான் புலம்பெயர்ந்து வந்து ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் குடியிருந்தேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸும் ரயிலும் பிடித்து நகர நடுவிலுள்ள டவுன்ரவுனுக்குப் போவேன். அகதிக் கோரிக்கைகளைக் கேட்டு முடிவு செய்யும் சபையின் அறைகள் அங்கே ஒரு உயரமான கட்டடத்தில் இருந்தன. எனக்கு நிரந்தர வேலை இல்லை. கூப்பிட்டால் போக வேண்டும். ஒரு முறைப்பாடு வந்தால் அடுத்த கிழமை தொலைபேசி அடிக்காது, அவ்வளவுதான்.

அன்றைய கோரிக்கையாளர் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. சாம்பல் நிறச் சேலைக்கு மேல் யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய குளிர்க்கோட்டைப் போட்டிருந்தார். ராணுவம் பிடித்து வைத்திருந்த நகரத்தில், பல்கலைக்கழகத்தில் புவியியல் விரிவுரையாளராக இருந்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்பவர். நம் சனம் அவரை ஜட்ஜ் என்று சொல்லும். நான் தலைவர் என்று சொல்கிறேன். அவருக்குப் பக்கத்தில் கேள்வி கேட்கும் அலுவலர், கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத ஒரு பெண். இந்தப் பக்கம் கோரிக்கையாளரின் வழக்கறிஞர், தமிழ் தெரியாத இளைஞர். நடுவில் நான்.

முதல் கேள்வியே ஒரு மாதிரித்தான் இருந்தது.

"நீங்கள் பல்கலைக்கழக ஆசிரியர். பிறகு எதற்கு மொழிபெயர்ப்பாளர்?" என்று அலுவலர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"நான் தமிழிலைதான் படிச்சனான், தமிழிலைதான் படிப்பிச்சனான். இங்கிலிஸ் புத்தகம் வாசிப்பன். ஆனால் என்ரை உயிரைப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு அந்தப் பாசை என்னட்டை இல்லை."

அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன். தலைவர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

பிறகு அந்த அம்மா தன் கதையைச் சொன்னார். சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கம்பஸ் வாசலில் ஆமி நின்றது. விரிவுரை மண்டபத்தில் பாதி மேசைகளைக் காணவில்லை. இருந்தாலும் வகுப்புகள் தொடங்கின. வெளியே போக, உள்ளே வர ஒரு பாஸ் வேண்டும். அந்தப் பாஸ் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தங்கள் பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே மாணவர்கள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இவருக்குச் சிங்களம் தெரியும். தெற்கே படித்த காலத்தில், விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழியிடம் கற்றது. கம்பஸில் அது தெரிந்த ஒரு சிலரில் இவரும் ஒருவர். ஒரு நாள் ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாக, உட்கார்ந்து, தேநீர் குடித்துத்தான் பேசினாராம். அடுத்த படிப்புத் தவணையிலிருந்து எல்லா மாணவர்களும் கட்டாயம் சிங்களம் படிக்க வேண்டும், அறிவித்தல்கள் எல்லாம் சிங்களத்திலும் வர வேண்டும், நீங்கள்தான் படிப்பிக்க வேண்டும் என்றார்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று தலைவர் கேட்டார்.

"மாட்டன் எண்டு சொன்னனான். மாட்டன் எண்டதையும் சிங்களத்திலைதான் சொன்னனான்."

தலைவரின் உதட்டோரம் இலேசாக அசைந்தது. அலுவலர் விடவில்லை. "அந்த மொழி மேல் உங்களுக்கு வெறுப்பா?"

"இல்லை. அது எனக்கு விருப்பமான பாசை. என்ரை சிநேகிதி படிப்பிச்ச பாசை. ஆனால் ஆமி துவக்கை நீட்டிக்கொண்டு வந்து படி எண்டால் அதுக்குப் பேர் படிப்பில்லை. நாளைக்கு எங்கடை பக்கத்து இயக்கம் துவக்கோடை வந்து தமிழ் படி எண்டாலும் நான் மாட்டன் எண்டுதான் சொல்லுவன்."

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் இடி. வாசல் சென்றிக் காவலில் அவருடைய பாஸை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தினார்கள். மற்றப் பக்கம், சிங்களம் பேசுகிறவர் துரோகி என்று அவர் அறைக் கதவில் துண்டுக் கடதாசி ஒட்டப்பட்டது. சில மாணவர்கள் அவர் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். அதே மாணவர்களை ராணுவம் முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, அவர்களின் தாய்மார் பின்வாசலால் இவரிடம் வந்து, "மிஸ், எங்களோடை காம்ப் மட்டும் வாங்கோ, எங்களுக்கு அவையின்ரை பாசை தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். இவர் போனார்.

இந்த இடத்தில்தான் அலுவலர் முன்னால் இருந்த கடதாசியைப் புரட்டினார். கோரிக்கையாளர் முன்கூட்டியே கொடுத்த வாக்குமூலத்தின் ஆங்கிலம் அது. ஸ்காபரோவில் யாரோ ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்.

"நீங்கள் முகாமுக்குப் போய்ப் பல மாணவர்களை இன்ரரொகேற் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். சரியா?"

அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள், உங்களுக்கு விளங்கும். அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார்? "காம்புக்குப் போய்ப் பொடியளை விசாரிச்சனான்." நம் வீடுகளில் தினமும் சொல்கிற சொல். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கோ என்று தொலைபேசியை வைக்கிறோமே, அந்த விசாரிப்பு. பொடியன் எப்படி இருக்கிறான், எங்கே இருக்கிறான் என்று கேட்பது. எழுதியவர் அதையே பொலிஸ் விசாரணையாக்கி ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். ராணுவ முகாமில் கைதிகளை விசாரணை செய்தவர் என்றால், அவரை அகதி என்று யாரும் ஏற்கமாட்டார்கள். அந்தக் கதவு அந்த இடத்திலேயே மூடிவிடும்.

இன்னும் மோசமான விஷயம் ஒன்று இருந்தது. இப்போது அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். இன்ரரொகேற் என்பதற்குத் தமிழ் என்ன? விசாரிப்பதுதான். "நீங்கள் காம்பிலை பொடியளை விசாரிச்சனீங்களோ?" என்று நான் கேட்டால் அவர் முகம் மலர்ந்து, "ஓம், ஓம், எத்தினையோ பொடியளை விசாரிச்சனான்" என்பார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். ஒரு சொல்லும் தவறாமல், விதிப்படி, சுத்தமாக அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வேறு சொல் போடலாமே என்பீர்கள். "வதைச்சுக் கேள்வி கேட்டனீங்களோ" என்று கேட்டால் அவர் பதறிப்போய் இல்லை என்பார். ஆனால் அது நான் அவருக்குப் பதிலைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பதும் எனக்குத் தெரியாது. நான் நினைத்ததுதான் சரி என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒருவேளை அவர் உண்மையிலேயே விசாரணை செய்தவராக இருந்தால்?

கோரிக்கையாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொழிபெயர்ப்பாளர், கேள்வி கேட்டதா?" என்றார் தலைவர்.

"கேட்டது, ஐயா. மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சபைக்குச் சொல்ல அனுமதி வேண்டும்."

அலுவலர் உடனே நிமிர்ந்தார். "இந்த வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, சரியென்று கோரிக்கையாளர் கையெழுத்து வைத்திருக்கிறார். இன்று காலையிலும் சரியென்று சத்தியம் செய்தார்."

செய்தார்தான். திருப்பி வாசித்தவரும் விசாரித்தேன் என்றுதான் வாசித்திருப்பார்.

தலைவரின் குரல் இறுகியது. "நீங்கள் இங்கே மொழிபெயர்க்க வந்திருக்கிறீர்கள். சாட்சி சொல்ல அல்ல."

அடுத்த கிழமை தொலைபேசி அடிக்காது என்ற நினைப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"சாட்சி சொல்லக்கூடாது என்பதால்தான் நிறுத்தினேன், ஐயா. அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் வழக்கமாகப் பாவிக்கும் சொல்லுக்கு, ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத இரண்டு கருத்து இருக்கிறது. நான் எதைத் தெரிந்தெடுத்தாலும் அவருக்காகப் பதில் சொன்னவளாகிவிடுவேன். எப்படிக் கேட்பது என்பதைச் சபைதான் முடிவு செய்ய வேண்டும்."

அந்த இரண்டு கருத்தும் என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். கோரிக்கையாளர் சொன்னது எது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அதை நான் சொல்லக்கூடாது என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, இடைவேளை என்று எழுந்தார். கட்டடத்தில் வேறு தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாராவது இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லி ஆளனுப்பினார்.

அந்த இடைவேளைதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கை கழுவ வாஷ்ரூமுக்குப் போனேன். கண்ணாடியில் பின்னால் அந்தச் சாம்பல் சேலை தெரிந்தது.

"தங்கச்சி, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ? அவை ஏன் கோவிச்சவை? நீங்கள் ஏன் கேள்வியைச் சொல்லேல்லை?"

ஒரு வரி போதும். "அக்கா, விசாரிச்சனான் எண்ட சொல்லைச் சொல்லாதேங்கோ." அதை மட்டும் சொல்லியிருந்தால் அவர் பயம் போயிருக்கும், என் பயமும் போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"அக்கா, நான் உங்களோடை தனியக் கதைக்கக்கூடாது. குறை நினையாதேங்கோ."

அவர் முகம் சுருங்கிப் போனது. நான் அவருக்கு எதிராளி என்று நினைத்துவிட்டார் போலிருந்தது. கையைத் துடைக்காமலே வெளியே வந்து தாழ்வார ஜன்னலில் நின்றேன். கீழே தெருவில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் பிறகு தன் வழக்கறிஞரோடு வேறு மூலையில் இருந்தார். அந்த இளைஞருக்கும் எதுவும் விளங்கவில்லை. இருவருக்கும் நடுவில் பாசை இல்லை.

அந்த ஒரு வரியை நான் சொல்லியிருந்தால், பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு உண்மைக்கும் ஒரு ஓட்டை விழுந்திருக்கும். அவரை ஆள் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இருந்திருக்காது. பரிதாபப்படுங்கள், ஆனால் பரிதாபத்தை வாய்க்குக் கொண்டுவராதீர்கள். அந்தக் கட்டுப்பாடு கல்நெஞ்சமாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், என்னை விட மூத்தவர். எங்கள் வழக்கைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தலைவர் என்னை அந்தச் சொல்லை மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்கு என்ன பொருள் என்று அவரைக் கேட்டார்.

அவர் யோசிக்கவே இல்லை. "ஆளைப் பொறுத்தது, சார். போலீஸ்காரர் விசாரித்தால் அடி விழும். மாமியார் விசாரித்தால் காப்பி வரும்."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அலுவலரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரிப்பை அடக்கினார்.

திரும்ப எல்லோரும் உட்கார்ந்ததும் தலைவரே கேட்டார். அந்தச் சொல்லை அவர் தொடவே இல்லை. முகாமில் மாணவர்களிடம் கேள்வி கேட்டது யார்? நீங்கள் எங்கே நின்றீர்கள்? யாரிடம் என்ன சொன்னீர்கள்? சின்னச் சின்னக் கேள்விகள். ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும் தமிழில் அவற்றைச் சொல்ல முடிந்தது.

"கேள்வி கேட்டது ஆமிக்காரர். நான் காம்ப் வாசல் கேற்றடியிலை தாய்மாரோடை நிண்டனான். சென்றியிலை நிக்கிறவனிட்டைக் கேப்பன், இன்ன பேர்ப் பொடியன் உள்ளுக்கை இருக்கிறானோ, சாப்பிட்டவனோ, உடுப்புக் குடுக்கலாமோ எண்டு. அவன் சொல்லுறதைத் தாய்க்குச் சொல்லுவன்."

"உள்ளே போனதே இல்லையா?"

அவர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"ஒருக்காப் போனனான். அந்த அதிகாரிதான் கூப்பிட்டவர். உம்மடை மாணவன் ஒருத்தன் இருக்கிறான், வந்து கதையும் எண்டு. போனால் பொடியனுக்கு முன்னாலை ஒரு கடதாசி. எல்லாம் சிங்களம். வீட்டை போறதுக்கான கடதாசி, கையெழுத்து வைக்கச் சொல்லு எண்டு எனக்குச் சொன்னவர். நான் வாசிச்சன். தான் குண்டு வைச்சதாப் பொடியன் ஒத்துக்கொள்ளுற கடதாசி அது."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"தமிழிலை சொன்னனான். தம்பி, உது வீட்டை போற கடதாசி இல்லை. உதிலை கையெழுத்து வைக்காதை எண்டு."

அதை நான் அவர் குரலிலேயே, 'நான் சொன்னேன்' என்று ஆங்கிலத்தில் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் எப்போதும் நான் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அந்த நான் எனக்கு மிகவும் கனமாக இருந்தது. சற்று முன்புதான் வாஷ்ரூமில் ஒரு எச்சரிக்கையைச் சொல்ல மறுத்துவிட்டு வந்தவள் நான். அவரோ துப்பாக்கிக்கு முன்னால் அதே எச்சரிக்கையைச் சொன்னவர். ஆனால் எங்கள் இருவரில் ஒருவர் செய்தது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. என் அறையில், கேட்டு முடிவெடுக்க ஒரு மனிதர் இருந்தார். அவரிடம் சொன்னால் போதும். அந்த அம்மா நின்ற அறையில் அப்படி ஒருவரும் இல்லை. எந்த அறையில் இருக்கிறோம் என்று பார்த்துத்தான் விதியைப் பிடிக்க வேண்டும்.

அந்த மாணவன் கையெழுத்து வைக்கவில்லை. அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் நடந்தது விளங்கிவிட்டது. "நாங்கள் உங்களைத்தான் நம்பினோம்" என்று சிங்களத்தில் மட்டும் சொன்னாராம். அதன் பிறகு வீட்டைத் தேடி இரண்டு தடவை ஆட்கள் வந்தார்கள். கதவில் துண்டு ஒட்டியவர்கள், முகாமுக்குள்ளேயே போய்வந்தவர் என்று புதிதாக ஒன்றை ஒட்டினார்கள். அவர் ஊரை விட்டு வெளியேறினார்.

அலுவலர் கடைசியாக ஒன்று கேட்டார். குரல் மாறியிருந்தது. "அந்த மாணவனுக்கு என்ன ஆனது?"

"வெளியாலை விட்டவை. தாய் கடிதம் போட்டவ. கம்பஸை முடிச்சிட்டானாம்."

"எனக்கு வேறு கேள்வி இல்லை" என்று அலுவலர் கோப்பை மூடினார். வாக்குமூலத்தில் அந்த ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளலாம் என்று அவரே தலைவரிடம் சொன்னார். அதை இன்றுவரை நான் மறக்கவில்லை. கடுமையாகக் கேட்பவர்கள் எல்லோரும் எதிரிகள் அல்ல. உண்மை வந்து நிற்க இடம் கிடைத்தால் அவர்களுக்கும் நிம்மதிதான்.

பெரும்பாலும் முடிவு பிறகு தபாலில் வரும். அன்று தலைவர் எழுந்து போகவில்லை. சில வரிகள் எழுதினார். பிறகு வாசித்தார். அந்த வாசகம் உங்களுக்கும் பழகிவிடும். சட்டத்தில் உள்ளபடி நீளமான, வளைந்து வளைந்து போகிற ஒரு வாக்கியம். நான் அதை ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னேன். உடன்படிக்கையில் கூறப்பட்ட வரைவிலக்கணத்தின்படி கோரிக்கையாளர் அகதியெனச் சபை தீர்மானிக்கிறது என்று.

அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. புவியியல் படிப்பித்தவர்தான். ஆனால் பயம் காதை அடைத்திருந்தது. தலைவரைப் பார்த்தார். வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அப்ப நான் திரும்பிப் போகவேணுமோ?"

பதில் எனக்குத் தெரியும். அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. ஆனால் கேள்வி எனக்குரியதல்ல. நான் தலைவர் பக்கம் திரும்பி, தங்கச்சி என்பதையும் விடாமல், அதை ஆங்கிலத்தில் கேட்டேன்.

தலைவர் கடதாசியைக் கீழே வைத்தார். நேரே அவர் முகத்தைப் பார்த்து இரண்டு சின்ன வசனங்கள் சொன்னார்.

"இல்லை. நீங்கள் இஞ்சை இருக்கலாம்" என்றேன் நான்.

அவர் எழுந்து நின்றார். கும்பிட்டார். பிறகு உட்கார்ந்து, அந்தப் பெரிய கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த இளம் வழக்கறிஞர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் தள்ளினார்.

உங்களுக்கும் அப்படி ஒரு வசனத்தைச் சொல்லக் கிடைக்கும். சொல்லும்போது உங்கள் பங்குக்கு ஒன்றும் சேர்க்காதீர்கள். அது போதும்.